திரையில் பாதி, கட்டிலோரம் மீதி

மாலை ஆறு மணி, விளக்கு வைக்கும் நேரம். கட்டிலில் உட்கார்ந்திருந்த எண்பது வயது மூதாட்டி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுகிறார். “நேரமாச்சு, வீட்டுக்குக் கிளம்பறேன். எங்கம்மா தேடுவாங்க.” அவருடைய அம்மா இறந்து நாற்பது வருடம் ஆகிறது. அவர் நிற்பதோ, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடியிருக்கும் சொந்த வீட்டுக் கூடத்தில். “அத்தை, இதுதான் உங்க வீடு” என்று மருமகள் பொறுமையாகச் சொன்னது முதல் நாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் குரல் உயர்ந்தது. நான்காம் நாள் வாசல் கதவுக்குப் பூட்டு வந்தது. ஐந்தாம் நாள் மூதாட்டி பூட்டைப் பிடித்து ஆட்டி அழ, மருமகள் சமையலறையில் நின்று அழுதார்.

மறதி நோய் புகுந்த வீடுகளில் இது புதிய காட்சி இல்லை. பொழுது சாயச் சாய இந்த நோயாளிகளுக்குக் குழப்பமும் அலைச்சலும் கூடுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஐந்து நிமிட ஓ.பி. சந்திப்பில் மாத்திரையை எழுதித் தரலாமே தவிர, ஆறு மணிக்கு அத்தையிடம் என்ன பேசுவது என்று சொல்லித்தர முடியாது. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதிலும் நகரத்தைவிடக் கிராமத்தில்தான் விகிதம் அதிகம். சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தாயிற்று. அங்கே வைத்தியம் முடிந்து வீடு திரும்பியபின் கஞ்சி ஊட்டுவதும், கழிப்பறைக்குக் கூட்டிப் போவதும், ராத்திரி விழித்திருப்பதும் வீட்டு மனிதர்கள்தான். அந்த வேலையை அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. பிள்ளை வளர்ப்புக்காவது பக்கத்து வீட்டுப் பாட்டி யோசனை சொல்வார். பாட்டியையே பார்த்துக்கொள்வதற்கு யோசனை சொல்ல ஆள் கிடையாது.

அந்த இடத்தில்தான் கைப்பேசி வந்து நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஐசப்போர்ட்’, மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கென்றே உருவாக்கப்பட்ட இலவச இணையவழிப் பயிற்சி. ஐந்து பிரிவுகள், 23 பாடங்கள். நோயைப் பற்றி விளக்கும் முதல் பிரிவில் இருப்பது ஒரே ஒரு பாடம். மாறிப்போன நடத்தையைச் சமாளிக்கும் கடைசிப் பிரிவிலோ பத்துப் பாடங்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, தூங்காமல் உலாத்துவது, “என் நகையை எடுத்துட்டே” என்று சந்தேகப்படுவது, கைநீட்டி அடிப்பது, வெளியே போய் வழி தவறுவது எல்லாம் அதில் அடக்கம். மூளையின் படத்தை வைத்து விரிவுரை நடத்தாமல், வீட்டில் நிஜமாகவே உயிரை வாங்கும் விஷயத்துக்குப் பாதி இடம் ஒதுக்கியவர்களுக்கு நோயாளி இருக்கும் வீட்டின் வாசம் தெரிந்திருக்கிறது.

பாடம் நடக்கும் விதமும் எளிமையானது. ஒரு குடும்பத்தின் கதை வரும். நடுவில் நிறுத்தி, “இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுச் சில பதில்களைத் தரும். ஒன்றைத் தொட்டால், அது ஏன் சரி, ஏன் சரியில்லை என்ற விளக்கம் வரும். முதல் பாடத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. இணையம் எட்டாதவர்களுக்காக இதையே அச்சிட்டுப் படிக்கும் கையேடாகவும் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஆறு மணி அத்தையின் விஷயத்தில், இந்த மாதிரிப் பயிற்சிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே திசையைத்தான் காட்டும். “இதுதான் உங்க வீடு” என்று நிரூபிக்கப் பார்ப்பது வீண். அவர் கேட்பது முகவரியை இல்லை. பயமில்லாமல் இருந்த ஓர் இடத்தை. “வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க, அத்தை? கிணறு எந்தப் பக்கம் இருக்கும்?” என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சிறுநீர் முட்டுகிறதா, பசிக்கிறதா, எங்காவது வலிக்கிறதா என்று பார்க்கவேண்டும். வாயால் சொல்லத் தெரியாத அவஸ்தை, “கிளம்பறேன்” என்ற சொல்லாக வெளிவருவது உண்டு. இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடலாம். ஐந்தரை மணிக்கே ஒரு கட்டுக் கீரையைக் கையில் கொடுத்து ஆயச் சொல்லலாம். கீரை யோசனை எந்த வெளிநாட்டுப் பாடத்திலும் இருக்காது. ‘பழகிய கைவேலை கொடுங்கள்’ என்றுதான் இருக்கும். அதைக் கீரையாகவோ, பூத்தொடுப்பதாகவோ, துணி மடிப்பதாகவோ மாற்றிக்கொள்வது அந்தந்த வீட்டின் சாமர்த்தியம்.

இவ்வளவு நன்றாக இருக்கிறதே, எல்லாரும் படித்துவிடுவார்களே என்றால், அங்கேதான் சிக்கல்.

இந்தியாவில் இந்தப் பயிற்சியை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்களின் பங்களிப்போடு நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. 151 பராமரிப்பாளர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு ஐசப்போர்ட், இன்னோர் அணிக்கு மின்னூல் மட்டும் கொடுத்தார்கள். கடைசிவரை நின்றவர்கள் 55 பேர். மனச்சோர்விலும் சுமையிலும் இரண்டு அணிக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு தெரியவில்லை. நோயாளியை ஒரு மனிதராகப் பார்க்கும் பார்வை மட்டும் பயிற்சி பெற்றவர்களிடம் மேம்பட்டிருந்தது. இந்த முடிவைத் தோல்வி என்று தள்ளிவிடக் கூடாது. மூன்றில் இரண்டு பேர் நடுவில் நின்றுபோனது, பார்த்துக்கொள்பவருக்குப் படிக்க உட்காரும் நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைத்தான் கிளப்புகிறது.

இதன் பக்கத்தில் இன்னொரு சோதனையை வைத்துப் பார்க்கலாம். கோவாவில் 81 குடும்பங்களோடு நடந்து 2008இல் வெளியானது அது. இணையமே கிடையாது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கேட்டார்கள், யோசனை சொன்னார்கள். அவர்கள் மருத்துவர்களோ நர்ஸ்களோ இல்லை. ஆறு மாதத்தில் பராமரிப்பாளர்களின் மன உளைச்சல் குறைந்திருந்தது. இரண்டும் வேறுவேறு ஊர், வேறுவேறு அளவுகோல். நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இருந்தாலும் வீட்டில் இருப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடிய யோசனை ஒன்று இதில் உண்டு. பயிற்சியைத் தனியாகப் பார்த்தால் பாதியில் நிற்கும். பார்த்ததைப் பற்றிப் பேச ஓர் ஆள் இருந்தால் நகரும்.

திரை எதைக் கற்றுக்கொடுக்கும், எதைக் கொடுக்காது என்று முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. கண்ணுக்கும் நாக்குக்கும் உரிய பாடத்தைத் திரை சொல்லித்தரும்: எதைக் கவனிப்பது, எப்படிப் பேசுவது, எப்போது பதறுவது. கைக்கு உரிய பாடம் கட்டிலோரத்தில்தான் நடக்கும்.

படுக்கைப்புண் கண்ணுக்கு உரிய பாடம். முதுகின் அடிப்பகுதி, குதிகால், இடுப்பெலும்பு இருக்கும் பக்கங்கள் ஆகியவற்றைத் தினமும் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்கவேண்டும். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். படுக்கைப்புண்ணைக் காட்டும் காணொளிகளில் ஒரு குறை உண்டு. பெரும்பாலானவற்றில் காட்டப்படுவது வெள்ளைத் தோல். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ தெரியும். தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். ஆகவே கண்ணோடு புறங்கையையும் பழக்கவேண்டும். அந்த இடத்தை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும், நடுவில் ஓட்டையுள்ள காற்றடைத்த வளையத்தில் உட்காரவைப்பதும் பல வீடுகளில் அக்கறையோடு செய்யப்படும் தவறுகள். தேய்த்தால் உள்ளே நொந்த சதை மேலும் கிழியும். வளையம் சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டோமே என்று திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்திவிடவும் கூடாது.

புரை ஏறுவதும் அப்படித்தான். தலையில் தட்டி “யாரோ நினைக்கிறாங்க” என்று சொல்வது நம் வழக்கம். தட்டுவதால் தொண்டையில் ஒன்றும் நடக்காது. நல்ல பயிற்சி அதற்கு முன்கட்டத்தைக் காட்டும். படுத்த வாக்கில் ஊட்டாமல் நிமிர்ந்து உட்காரவைப்பது, சிறு கரண்டியில் கொடுப்பது, முதல் வாய் இறங்கியதைப் பார்த்து அடுத்தது தருவது, சாப்பிட்டபின் அரை மணி நேரம் உட்காரவே வைத்திருப்பது. ஒவ்வொரு வேளையும் தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்டபின் குரல் கரகரவென்று ஈரமாக ஒலிக்கிறதா என்று காது கொடுக்கவேண்டும். ஒலித்தால், விழுங்குதலைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கவேண்டும். உணவு அடைத்து இருமக்கூட முடியாமல் திணறும்போது முதுகில் அடித்து எடுப்பதைத் திரையில் பார்த்துப் பழக முடியாது. அதற்கு முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்து பார்க்கவேண்டும்.

முழுக்கமுழுக்கக் கையின் பாடம் ஒன்று உண்டு. அது கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது.

பக்கவாதத்தில் வலப்பக்கம் பலவீனமான ஒரு மாமனாரை எடுத்துக்கொள்வோம். காணொளியில் நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சக்கர நாற்காலி அவருடைய பலமான இடப்பக்கம் இருக்கவேண்டும். பிரேக் போட்டிருக்கவேண்டும், கால் வைக்கும் பலகையை மடக்கியிருக்கவேண்டும். எழுப்பியவுடன் நிற்கவைக்காமல், கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்காரவைக்கவேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி அதைப் பிடிக்கவேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டு நழுவும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாலும் அதே ஆபத்துதான். தூக்குபவர் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, தன் முழங்காலால் அவருடைய பலவீனமான முழங்காலுக்கு அணை கொடுத்து, “மாமா, மூணு சொன்னதும் எழுந்திருங்க” என்று சொல்லி, அவரையும் சேர்த்து எழவைக்கவேண்டும்.

இத்தனையும் மனப்பாடம். ஆனால் நிஜ மாமனார் எழுபது கிலோ. பாதி வழியில் பயந்து, மருமகளின் கழுத்தைக் கட்டிப்பிடிக்கிறார். தரை வழுக்கும் டைல்ஸ். கட்டில் பழைய தேக்கு, நாற்காலியைவிட அரை அடி உயரம். காணொளியில் எதுவும் இப்படி இல்லை. இதற்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று, “உங்க இடது காலை இன்னும் உள்ளே வைங்க” என்று ஒருமுறை சொல்லவேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. வருபவர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். “நான் தூக்குறேன், சரியா இருக்கான்னு பாருங்க” என்று கேட்டால் அதுவே செய்முறை வகுப்பு. கேட்பதற்கு முன் காணொளியைப் பார்த்துவைத்திருந்தால், கிடைக்கும் பத்து நிமிடம் வீணாகாது. மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவதும், சிறுநீர்க் குழாயைப் பராமரிப்பதும், இன்சுலின் போடுவதும் இந்த வகைதான். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே நர்ஸ் முன்னால் இரண்டு தடவை தன் கையால் செய்துகாட்டிவிட்டு வருவதே பத்திரம்.

எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது? நோயைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் 2013 முதல் நடத்திவரும் மறதி நோய் பற்றிய இலவச வகுப்பு நல்லது. மூளை, நோய், மனிதர் என்று மூன்று கட்டமாகப் போகும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோர்செரா தளத்தில் வைத்திருக்கும் வகுப்பும் பராமரிப்பாளரை மனதில் வைத்தது. படுத்த படுக்கையானவர்களுக்கு, திருவனந்தபுரத்தில் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியாவின் இணைய வகுப்புகளைத் தேடிப் பார்க்கலாம். மருத்துவப் பணியாளர்களுக்கான வகுப்புகள் சிலவற்றை அவர்கள் ‘எக்கோ’ என்ற முறையில் நடத்துகிறார்கள். ஒரு மையத்தில் நிபுணர்கள், பல ஊர்களிலிருந்து திரையில் மாணவர்கள். ஒருவர் தன் நோயாளியின் கதையைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து அலசுவார்கள். பதிவுசெய்த காணொளி கேள்விக்குப் பதில் சொல்லாது, இதில் கேட்கலாம்.

யூடியூபில் தமிழில் கிடைப்பவற்றை ஒதுக்கத் தேவையில்லை, சலிக்கவேண்டும். பேசுபவர் யார், எந்த மருத்துவமனை அல்லது கல்லூரி என்று தெரிகிறதா? இந்த நிலை வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள் என்று எல்லைக்கோடு போடுகிறாரா? எல்லைக்கோடே இல்லாத காணொளி ஆபத்தானது. நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று காலை திடீரென்று குழம்பினால், மறதி நோய் முற்றிவிட்டது என்று நினைத்து வீட்டிலேயே வைத்திருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றோ, சோடியம் குறைந்ததோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் 108தான். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. கடைசியில் மறதிக்கு மூலிகை டானிக் விற்கும் காணொளியின் மீதிப் பகுதியையும் நம்பவேண்டியதில்லை.

மொழி இங்கே பெரிய தடை. மேலே சொன்ன பல்கலைக்கழக வகுப்புகள் ஆங்கிலத்தில் நடப்பவை. டல்லாஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் வகுப்பில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கி, குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவான். மன்னார்குடியில் இருக்கும் மருமகள்தான் டயாபர் மாற்றுவார். படிப்பது ஒருவர், பாடுபடுவது இன்னொருவர். இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, வேலைப் பங்கீடாக மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். மகன் ஒரு பாடத்தைப் பார்த்து, அதன் சாரத்தை இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜாகத் தமிழில் பேசி அனுப்பலாம். மருமகள் மத்தியானம் பாத்திரம் துலக்கும்போது கேட்பார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் “அம்மா எப்படி இருக்காங்க?” என்பதோடு, “அண்ணி, ஆறு மணிக்கு லைட் போட்டுப் பாத்தீங்களா? ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?” என்றும் கேட்கலாம். உபதேசமாக இல்லாமல் கேள்வியாக இருந்தால்தான் அண்ணி பதில் சொல்வார். கோவாவில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் செய்த வேலையில் ஒரு சிறு பங்கு இது.

சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வீடுகளில் வேறு கணக்கு. ஏஜென்சி அனுப்பும் பெண்ணை நாம் ‘ஹோம் நர்ஸ்’ என்று அழைத்தாலும், பல நேரம் அவர் நர்சிங் படித்திருக்கமாட்டார். முதியோர் பராமரிப்பு உதவியாளர், வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் போன்ற வேலைகளுக்குத் தேசிய அளவில் பாடத்திட்டமும் தேர்வும் இருக்கின்றன. மத்திய சமூகநீதி அமைச்சகமும் முதியோர் பராமரிப்பாளர் பயிற்சிக்குத் திட்டம் வைத்திருக்கிறது. ஆனால் முழுக்க இணையத்திலேயே பெற்ற சான்றிதழ் ஒன்றை நீட்டினால், அதை ஆர்வத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம், கைத்திறனுக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் நாள் கூடவே இருந்து, திருப்பிப் படுக்கவைப்பதையும் ஊட்டுவதையும் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்கும் வீட்டார் பார்க்கும் காணொளியைப் போட்டுக்காட்டுவதில் தவறில்லை. அவருக்குத் தெரிந்ததில் சில நமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி நேரம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்பதே தாராளம். நோயாளி மத்தியானம் கண்ணயரும் பொழுது, ஒரே ஒரு பாடம். எந்தப் பாடம் என்பதை அன்றைய தொல்லை முடிவுசெய்யட்டும்: நேற்று குளிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாரா, இன்று குளியல். ஐசப்போர்ட்டின் மூன்றாம் பிரிவு, பராமரிப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது பற்றியது. ‘எனக்கென்ன, அவங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்று அதைத் தாண்டிப் போகத்தான் தோன்றும். முதுகு பிடித்து, தூக்கம் கெட்டு, எரிந்துவிழத் தொடங்கியவர் அதைத்தான் முதலில் திறக்கவேண்டும். யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்ற நிலைக்கு 14416, அதாவது மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இரவும் பகலும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

கற்றுக்கொண்டதை எழுதி ஒட்டாவிட்டால், பகல் ஆளுக்குத் தெரிந்தது இரவு ஆளுக்குத் தெரியாமல் போகும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். நாம் தொடங்கிய வீட்டில், பிரிட்ஜ் கதவில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருமகளின் கையெழுத்தில்: ‘5.30 கீரை. 5.45 எல்லா லைட்டும். கிளம்பறேன்னு சொன்னா பாத்ரூம் கேக்கணும். இது உங்க வீடுன்னு சொல்லக் கூடாது. கிணத்தைப் பத்திக் கேக்கணும்.’ அதன் கீழே, மாலையில் வரும் அட்டெண்டர் வேறு பேனாவில் சேர்த்திருக்கிறார்: ‘பாட்டிக்கு முருங்கைக்கீரை மட்டும். அரைக்கீரை குடுத்தா கோபம் வருது.’